இரண்டு விரலும் ஒரு மணியும்

ஜனவரி 9

அன்புள்ள முன்சக்கரத்துக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன், உங்கள் அறையில் இருக்கும் மற்ற டிரைவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள் என்றுதான் இந்தக் காகிதம்.

நேற்று மருந்துக்கடைக்காரர் மேல் சைக்கிளை ஏற்றிவிட்டேன். அதுவும் நடைபாதையில். நீங்கள் டிரைவர் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து நான் சாலையில் இறங்குவதே இல்லை. லாரி ஹாரன் கேட்டாலே பயம். அவர் அட்டைப்பெட்டியோடு கடையிலிருந்து வெளியே வந்தார், நான் போய் முட்டினேன். மூக்குக்கண்ணாடி சுக்குநூறு, மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"ஏம்மா, நடைபாதையில நடக்கிறவன் இனிமே ஹெல்மெட் போட்டுக்கணுமா?" என்றார்.

முனையில் நின்ற போலீஸ்காரம்மா வந்து அபராதம் போட்டார். "லாரிக்கு நீ பயப்படுறே. உனக்கு இவர் பயப்படணுமா?"

"எனக்கு முன்னாடி ஒருத்தர் போவார் மேடம். அவர் கையைப் பார்த்துத்தான் ஓட்டிப் பழக்கம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உண்மைதானே? இத்தனை வருஷம் சேர்ந்து தையல் ஆலைக்குப் போனோம், நான் சாலையைப் பார்த்ததே இல்லை. உங்கள் முதுகையும், அதற்குப் பின்னால் நீட்டும் கையையும்தான் பார்த்தேன். முஷ்டி என்றால் பள்ளம். விரித்த கை என்றால் நில். ரெண்டு விரலை ஆட்டினால் "இருக்கியா?" நான் மணியை ஒரு தடவை அடிப்பேன், "இருக்கேன்." இப்போது கேட்க ஆளில்லை, மணி துருப்பிடிக்கிறது.

பின்சக்கரம்

ஜனவரி 20

என் பின்சக்கரத்துக்கு,

மருந்துக்கடைக்காரரை மறுபடி போய்ப் பார். கண்ணாடி நம் செலவு.

நாளையிலிருந்து சாலையில் இறங்கு. நேராக ஓட்டு, பாம்பு மாதிரி வளையாதே. நிற்கும் காரை உரசிப் போகாதே, கதவைத் திறந்தாலும் இடிக்காத தூரம் விடு. திரும்புவதற்கு முன் பின்னால் பார்த்துக் கை காட்டு.

அடுத்த மாதம் எனக்குக் கனரக லைசென்ஸ் தேர்வு. தேறினால் ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்கு ஏற்றிப்போகும் லாரிக்கு நிரந்தர டிரைவர். ஒரு அறையும் சமையலறையுமாகக் குவார்ட்டர்ஸ் தருவார்கள். அப்புறம் நீ இங்கே, என்னோடு. அந்தக் குவார்ட்டர்ஸ் ஜன்னலை வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

முன்சக்கரம்

மார்ச் 14

அன்புள்ள முன்சக்கரத்துக்கு,

தேர்வு என்ன ஆயிற்று? போனில் "எழுதுறேன், எழுதுறேன்" என்கிறீர்கள். தபால்காரர் நம் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோட்டை விட்டிருந்தால் சொல்லுங்கள், நான் என்ன கடித்தா தின்னப் போகிறேன்?

நான் சாலையில்தான் போகிறேன். முதல் வாரம் எல்லா சாமியையும் துணைக்கு இழுத்தேன்.

பின்சக்கரம்

மார்ச் 25

என் பின்சக்கரத்துக்கு,

தேறவில்லை. எப்படி என்று எழுத வெட்கமாக இருந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தப் போகிறேன் என்று ஜன்னல் வழியாகக் கை காட்ட வேண்டும். காட்டினேன். பக்கக் கண்ணாடியில், பின்னால் ஒரு சைக்கிள் தெரிந்தது. என்னை அறியாமல் ரெண்டு விரல் ஆடிவிட்டது. அந்த ஆள், முந்திப் போகச் சொல்கிறேன் என்று நினைத்து வேகமாக ஏறி வந்தார். எதிரே பஸ். மயிரிழையில் தப்பினார்.

"யாரை வா வான்னு கூப்பிட்டீங்க?" என்று கத்தினார் தேர்வு அதிகாரி.

"வீட்டுக்காரியை, சார்."

"எங்க அவங்க?"

"ஊர்ல."

அவர் பேனாவை மூடினார். மழைக்காலத்துக்கு முன்னால் இன்னொரு வாய்ப்பு உண்டாம். அதுவரை எப்படிப் பொறுப்பேன் என்று தெரியவில்லை.

முன்சக்கரம்

ஏப்ரல் 6

அன்புள்ள முன்சக்கரத்துக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு முதலில் திட்டினேன். ரெண்டு விரலை அடக்க முடியாத மனுஷனா? யாரோ ஒருவர் வீடு போய்ச் சேராமல் இருந்திருப்பார். அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அங்கேயும் நான் உங்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

ஒரு சேதி. நம் ஆலைப் பொத்தான் பிரிவு அக்கா இந்த வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு என் பின்னால் வருகிறார். நேற்று பாலத்து இறக்கத்தில் ஒரு பள்ளம். என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் முஷ்டி பிடித்தது. அக்கா விலகி வந்தார். "உன் வீட்டுக்காரன் கை மாதிரியே இருக்குடி" என்றார். முன்னால் போகிறவருக்குப் பின்னால் பார்க்க எவ்வளவு ஏக்கம் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் ஏன் அடிக்கடி அந்த விரலை ஆட்டினீர்கள் என்பதும்.

தேறுங்கள். தேறினால் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவேன். ஆனால் அங்கே நான்தான் முன்னால்.

பின்சக்கரம்

ஜூன் 2

என் முன்சக்கரத்துக்கு,

தேறிவிட்டேன். அதே அதிகாரி. தேர்வு முடியும் வரை என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி கைக்கு வந்துவிட்டது. ஜன்னலை இப்போது உள்ளேயிருந்து பார்க்கிறேன்.

ஸ்டேஷனுக்குச் சைக்கிளோடு வருவேன். நீ முன்னால் போ. உனக்கு வழி தெரியாது, அதனால் எங்கே திரும்ப வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டு வருகிறேன். பள்ளங்களைப் பற்றி மூச்சு விட மாட்டேன், அது உன் பாடு. மணியை மட்டும் வேறு எதற்கும் அடிக்க மாட்டேன். எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். உன் ரெண்டு விரல் ஆடட்டும், அடிக்கிறேன்.

உன் பின்சக்கரம்