தறிகள் நின்ற வெள்ளிக்கிழமை

மே 6, சனி. திருப்பதி

வெயில். பஸ் ஸ்டாண்ட் எதிரே தார் இளகிச் செருப்பு ஒட்டுகிறது. மோட்டார் சுருள் கட்டும் எங்கள் ரீவைண்டிங் கடையில் இரண்டு மோட்டார் முடித்தாயிற்று. மூன்றாவது பிரித்தபடி கிடக்கிறது.

மதியம் ஏஜென்ட் ஆபீஸ். மஸ்கட் வேலை உறுதி. ஓட்டல் கட்டடம், எலக்ட்ரீஷியன், இரண்டு வருட ஒப்பந்தம். பாஸ்போர்ட்தான் பாக்கி. அதற்கு ஊர் ஸ்டேஷனிலிருந்து போலீஸ் விசாரணை போக வேண்டும்.

ஏஜென்ட்: "தம்பி, இது முடியற வரைக்கும் எந்த வம்புலயும் தலைய குடுக்காத. உன் பேர்ல ஒரு கேஸ் கீதுன்னு எழுதினாப் போதும், விசா வேற ஆளுக்குப் போய்டும்."

எனக்கென்ன வம்பு என்றேன்.

வாங்க வேண்டியது: டெஸ்டர். நைனாவுக்குக் கண் சொட்டு மருந்து. போட்டோ இன்னும் நாலு.

கடை டிவியில் முதல்வர். கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு, கரண்டு கட்டணத்தை ஏற்றியது மாநிலம் முன்னேறத்தான் என்கிறார். முதலாளி எழுந்து போய் டிவியை அணைத்தார். "இவரு பேசறதுக்கும் என் மீட்டர்தான் ஓடுது."

மே 7, ஞாயிறு. ஊர்

காலை பஸ். புத்தூர் வரை நின்றுகொண்டு. நகரி தாண்டி இறங்கும்போதே தறிச் சத்தம் கேட்டது. வீட்டில் நாலு விசைத்தறி, ஓடுவது மூன்று. புது பில்லைப் பார்த்த அன்றே நாலாவதை நிறுத்திவிட்டாராம் நைனா. எதிர் வீட்டுக்காரர் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, குடும்பத்தோடு திருப்பூர். வீடு பூட்டிக் கிடக்கிறது.

சாயங்காலம் அம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். சித்தூர் கலெக்டருக்கு இரண்டு தடவை மனு கொடுத்தும் பதில் இல்லை. சில பேர் கரண்டு ஆபீஸ் கண்ணாடியை உடைக்கலாம் என்றார்கள். கூட்டத்தை நடத்துவது ருக்மணி அக்கா. மூன்றாம் தெரு. இரண்டு தறி, புருஷன் இல்லை, வாய் உண்டு.

அக்கா: "கல்லு எடுத்தா நாளைக்குப் பேப்பர்ல கல்லுதான் வரும். பில்லு வராது. எவனும் கல்லைத் தொடக் கூடாது. இந்த ஊர்ல ராவும் பகலும் டகடகன்னு சத்தம். மந்திரி வந்தா கார் கண்ணாடிய ஏத்திக்கினு போறான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துல பேச வரான் இல்ல? அவன் பேசற நேரத்துல அத்தினி தறியும் நிக்கட்டும். ஒரு மணி நேரம். யாரும் ரோட்டுக்கு வர வேணாம், கோஷம் வேணாம். அவங்கவங்க வாசல்ல நில்லுங்க, போதும்."

நல்ல யோசனை. ஒரே ஒரு ஓட்டை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

"நிறுத்தறது சுலபம்க்கா. மறுபடி எல்லாரும் ஒண்ணா ஸ்டார்ட் பண்ணா டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. மோட்டார் கிளம்பற நேரத்துல ஓடற நேரத்தை விட ஆறு மடங்கு கரண்டு இழுக்கும்."

"பார்ரா, டிப்ளமா பேசுது! அப்ப இன்னா செய்யணும்? நீயே சொல்லு."

சொன்னேன். தெருத் தெருவாக. முதல் தெரு ஓடிச் சீரான பிறகு இரண்டாவது. எட்டுத் தெரு. பன்னிரண்டுக்கு ஏரிக்கரைப் பம்புசெட்டுகளுக்குக் கரண்டு விடுவார்கள். அதுவும் இதே டிரான்ஸ்ஃபார்மர். அதற்குள் எல்லாத் தறியும் கிளம்பியிருக்க வேண்டும். ஆக, முதல் தெரு பதினொன்றரைக்கு.

அக்கா: "பன்னெண்டு ஆகட்டுமேடா."

"முடியாதுக்கா. பதினொன்றரை."

அக்கா பக்கத்திலிருந்த பெண்களைப் பார்த்தாள். அவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் நைனா: "உனக்கு என்கொயரி வருதுடா. ஊர்ல இன்னொருத்தனுக்கும் மூளை இல்லியா? ஒதுங்கு."

மே 9, செவ்வாய்

காற்றே இல்லை. கடைக்கு லீவு சொல்லிப் போன் செய்தேன். முதலாளி திட்டினார்.

விசாரணைக்குக் கான்ஸ்டபிள் வந்தார். தெலுங்குக்காரர், மரியாதையான ஆள். அம்மா மோர் கொடுத்தாள். கேஸ் ஏதாவது உண்டா என்றார். இல்லை. கட்சி? இல்லை. சண்டை? இல்லை. எழுதிக்கொண்டார். எஸ்.ஐ. நேரில் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாராம். சனிக்கிழமை போட்டோவோடு வரச் சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"சுக்ரவாரம் ஏதோ உந்தியாமே? நீ இல்லியே அதுல?"

வெள்ளிக்கிழமையைத்தான் கேட்கிறார். "நான் திருப்பதில வேலை செய்யறேன் சார்" என்றேன். பொய் இல்லை. பதிலும் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய அலுமினியக் கம்பி, விரல் தடிமன். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று எங்கள் தெருக்காரர்களே லைன்மேனை நச்சரித்துப் போட வைத்தது. லோடு ஏறினால் உருக வேண்டியது இனி உருகாது. உள்ளே இருப்பதுதான் எரியும். அக்காவிடம் போய்த் தெரு வரிசையைத் திரும்பவும் சொன்னேன். "தெரியும் போடா, எத்தினி வாட்டி" என்றாள்.

மே 11, வியாழன்

  எட்டுத் தெருவுக்கும் நடந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டிய விதம் பிடிக்கவில்லை.

மே 12, வெள்ளி

 நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

பதினொன்று. மந்திரி மைக்கைப் பிடித்தார். மூன்றாம் தெரு முதலில், பிறகு ஒவ்வொன்றாக, கடைசியில் எங்கள் வீடு. அவ்வளவுதான். சத்தம் நின்றது. பிறந்ததிலிருந்து, கரண்டு இருக்கும்போது, இந்த ஊர் இப்படி அடங்கி நான் கேட்டதில்லை. எங்கோ குக்கர் விசில். காக்கா. யாரோ இருமுகிறார்கள், அது யார் என்றுகூடத் தெரிகிறது. வாசலில் நின்ற சனங்கள் மட்டும் பழக்கத்தில் கத்தியே பேசினார்கள். பக்கத்து வீட்டு அண்ணி "உப்பு கீதா?" என்று கேட்டது தெருக் கோடிவரை கேட்டது. ஒரே சிரிப்பு.

பள்ளிக்கூடத்தில் மந்திரி பேச்சை நிறுத்திவிட்டார். கரண்டு போய்விட்டதா என்று மைக்கிலேயே கேட்டார், அது கரண்டில் ஓடுகிற மைக் என்பதை மறந்து. கூட்டத்தில் ஒரு பெண் குரல்: "கரெண்டு உந்தி சார். மேமே ஆபேசாம்." கரண்டு இருக்கிறது, நாங்களே நிறுத்திவிட்டோம். ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. மந்திரி பிறகு பேசியதில் பாதி தடுமாற்றம். ஒரு கல் இல்லை, ஒரு கோஷம் இல்லை. 

பதினொன்றரை. முதல் தெருவுக்கு ஓடினேன். ஒரு தறியும் கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் முன்னால் சூடத் தட்டோடு பெண்கள்.

"போடுங்க, டைம் ஆச்சு!"

"இன்னும் போவலப்பா."

"இன்னா போவல?"

"ராகு காலம். வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னெண்டு. உனக்குத் தெரியாதா?"

"மோட்டாருக்கு இன்னா ராகு காலம்?"

"தானா நின்னா பரவால்ல. நாமளா நிறுத்தன தறிய ராகு காலத்துல எவனாவது கிளப்புவானா? தறி உக்காந்துடும்."

இரண்டாம் தெரு, அதேதான். மூன்றாம் தெருவில் ருக்மணி அக்கா: "அன்னிக்கே பன்னெண்டுன்னு சொன்னேன் இல்ல? நீதான் தாம் தூம்னு குதிச்ச." அன்று ஏன் என்று நான் கேட்கவில்லை. படித்தவனிடம் ராகு காலம் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். வீட்டுக்கு ஓடினேன். நைனா கையிலும் சூடத் தட்டு.

"நைனா, வேணாம். தெரு தெருவா..."

"ஒரு நிமிஷம்டா. மணி ஆயிடுச்சி."

பன்னிரண்டு. எட்டுத் தெருவும் ஒன்றாக. கூடவே பம்புசெட்டுகள். விளக்கு மஞ்சளாகி, சிவந்தது. மோட்டார்கள் கிளம்ப முடியாமல் முனகின. ஏரிக்கரைப் பக்கம் ஒரு வெடி. கரும்புகை. எண்ணெய் நாற்றம். யாருக்கும் அடி இல்லை. அதைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன்.

நாலு மணிக்குப் போலீஸ் ஜீப். மந்திரி கூட்டத்தன்று அரசாங்கச் சொத்துக்கு நாசவேலையாம். ருக்மணி அக்காவையும் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். அக்கா என்னைத் தாண்டித்தான் போனாள். திரும்பவில்லை. தெரியாதவள் மாதிரி.

நைனா என் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தார். "காலைல முதல் பஸ்ஸு. திருப்பதிக்குப் போய்டு."

மே 13, சனி

முதல் பஸ்ஸில் போகவில்லை. போட்டோவோடு வரச் சொன்னதும் இன்றுதானே. ஸ்டேஷனுக்குப் போனேன்.

பெஞ்சில் அக்கா. எஸ்.ஐ. மேசையில் என் பாஸ்போர்ட் காகிதம், பக்கத்திலேயே நாசவேலை கேஸ் காகிதம். தமிழும் தெலுங்குமாகப் பேசினார்.

"நுவ்வு டிப்ளமா எலக்ட்ரிகல். மஞ்சிதி, நல்லது. நீயே சொல்லு. ஃபியூஸ் நல்லா இருக்கு. ஃபியூஸ் போகாம டிரான்ஸ்ஃபார்மர் எப்படி எரியும்? யாரோ ஏதோ போட்டுத்தானே?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா: "இவனைக் கேக்காதீங்க சார். இவன் பொங்கலுக்குத்தான் ஊருக்கு வருவான். ஸ்விட்ச்சு போடத் தெரியுமோ தெரியாதோ. வந்த வேலைய முடிச்சி அனுப்புங்க."

எஸ்.ஐ. பேனாவை என் பாஸ்போர்ட் காகிதத்தின் மேல் வைத்தார். ஒரு தலையாட்டல் போதும். மஸ்கட்.

"ஃபியூஸ் போகாததுதான் சார் காரணம்" என்றேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

படம் போட்டுக் காட்டினேன். தடிக் கம்பி, ஸ்டார்ட்டிங் கரண்டு, பம்புசெட், எல்லாம். ராகு காலத்தையும் சொன்னேன். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். அவர் வீட்டிலும் அப்படித்தானாம். எஸ்.ஐ. சிரிக்கவில்லை.

"இந்தத் தெரு வரிசை, நேரம். எவரு போட்டது?"

"நான்."

"அப்ப இந்த ஆந்தோளனத்துல, போராட்டத்துல, நுவ்வு உன்னாவு."

"இருக்கேன் சார். நாசவேலைல யாரும் இல்ல."

எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். சாயங்காலம் அக்காவையும் மற்ற இரண்டு பேரையும் சொந்த ஜாமீனில் விட்டார்கள். பாஸ்போர்ட் காகிதம் மேசை டிராயருக்குள் போனது. கையெழுத்து இல்லாமல்.

வழி முழுக்க அக்கா திட்டு. "நான் எவ்ளோ அழகா பொய் சொல்லிக்கினு வந்தேன்! உன்னை எவன்டா நடுவுல பேசச் சொன்னது? முட்டாப் பையா." வீடு வந்ததும் அம்மாவிடம், "இவனுக்கு எதனா துன்ன குடு, காலைலேர்ந்து பட்டினி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

 நைனா வாசலில் வைத்த பெட்டி உள்ளே வந்திருந்தது.

மே 15, திங்கள். சித்தூர்

தூறல், உடனே புழுக்கம். அக்காவும் நானும் இன்னும் சில பேரும் சித்தூர். கரண்டு ஆபீஸ் இன்ஜினியர் நேற்றே வந்து டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்து பார்த்தாராம். உள்ளே சுருள் கருகியிருக்கிறது, வெளியிலிருந்து எந்தச் சேதமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தடிக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்களும் கேட்கவில்லை. நாசவேலை கேஸ் நிற்காது.

கலெக்டர் ஆபீசில் மறுபடி மனு. இந்தத் தடவை உட்காரச் சொன்னார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை கலெக்டரே ஊருக்கு வருகிறாராம். கட்டணத்தைப் பற்றி மேலே எழுதுவாராம். அக்கா: "மேலன்னா எங்க சார், திருமலையா?" குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஏஜென்டுக்குப் போன். மாசக் கடைசி வரைதான் விசாவை நிறுத்தி வைக்க முடியுமாம்.

மே 17, புதன்

லாரியில் வேறு டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. மதியம் தறிகள் கிளம்பின, தெருத் தெருவாக. ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் கான்ஸ்டபிள். கையில் என் பாஸ்போர்ட் காகிதம், கூட ஒரு வெள்ளைத் தாள். இனி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் எஸ்.ஐ. நாளைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புவார். "எழுதிடு பாபு. நாலு வரி." காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று தாளை வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ருக்மணி அக்கா. தாளைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"எழுதிக் குடுத்துட்டுப் போடா. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. அடுத்த வியாழன் கலெக்டர் வரப்ப மறுபடி நிறுத்தறோம். நீ வர வேணாம். எந்தத் தெரு எப்பன்னு மட்டும் வாயால சொல்லிட்டுப் போ."

வாயால் சொல்லிவிட்டு, தாளில் இல்லை என்று எழுதுவது. செய்யலாம். ரொம்பப் பேர் செய்வார்கள். மஸ்கட்டில் ஓட்டல் கட்டடம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். ஏசி இருக்கும்.

 தறி ஓடிக்கொண்டிருந்தது. நைனா எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தார். கண்ணாடியை மாட்டி, விரல் வைத்துப் பார்த்தார்.

"வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரை டு மூணு. காலைல வெச்சிக்கோ. எமகண்டமும் பாரு, ஆறு டு ஏழரை. அதுவும் போய்டும்."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. காலண்டரை என் முன்னால் வைத்துவிட்டுத் தறிக்குப் போனார்.

கான்ஸ்டபிள் வைத்துப்போன வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டேன். முதல் தெரு, பத்தரை. இரண்டாம் தெரு