ஆர்லிஸுக்கு இரண்டரை கேலன்

பிப்ரவரி 4

காலையில் கீழ்த்தளத்தில் பீர் காய்ச்சினேன். சின்ன எவர்சில்வர் பீப்பாய், இரண்டரை கேலன்தான். எங்கள் கல்யாணத்துக்குக் காய்ச்சிய அதே வெளிர் மஞ்சள் பீர் வேண்டும் என்றாள் ஆர்லிஸ். வழக்கமாகக் குளிரில் ஆறு வாரம் விடுவேன். அவ்வளவு நாள் இல்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ் நேற்று அடுப்படியில் சொல்லிவிட்டாள்: "மாசக் கணக்கு இல்லைங்க. வாரக் கணக்கு." மூடியை இறுக்கி அழுத்தத்திலேயே புளிக்க வைத்தால் இளஞ்சூட்டில் இரண்டு வாரத்தில் ஆகிவிடும். ஆகவேண்டும்.

பிப்ரவரி 6

நன்றாகப் பொங்குகிறது. மேலே வந்து அவளிடம் சொன்னேன். "நான் முனகுறது உனக்குக் கேக்காது. அது முனகுறது மட்டும் கேக்கும்." சிரித்தாள், பிறகு இருமல்.

பிப்ரவரி 11

சூப்கூட இறங்கவில்லை. அவள் தங்கை பெர்னிஸ் கிரீன் பே-யிலிருந்து வந்து தங்கியிருக்கிறாள்.

பிப்ரவரி 15

குழாயைத் திறந்து அரை டம்ளர் பிடித்தேன். நுரை சரி, நிறம் சரி. ஆனால் வெண்ணெய் வாடை. இரண்டு மூன்று நாள் விட்டால் ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்துவிடும். இருபது வருடம் முன் கவுண்டி கண்காட்சியின் பீர் போட்டியில் நடுவர் என் மதிப்பெண் சீட்டில் ‘வெண்ணெய்’ என்று ஒரே வார்த்தை எழுதினார். அன்றிலிருந்து ஆகாத பீரை யாருக்கும் ஊற்றியதில்லை. மேலே வந்து ஆர்லிஸிடம் சொன்னேன்.

"பரவால்ல, ஒரு வாய் குடேன் நார்ப்."

"இன்னும் ரெண்டே நாள்."

"என் நாக்குக்கு இப்ப வெண்ணெயும் ஒண்ணுதான், சோப்பும் ஒண்ணுதான்."

கொடுக்கவில்லை. நல்லதாகக் கொடுக்கவேண்டும் என்றுதான்.

பிப்ரவரி 16

வாடை இன்னும் லேசாக இருக்கிறது. நல்ல பனி, வாசலில் தள்ளிவிட்டு வந்தேன். அவள் இன்று கேட்கவில்லை.

பிப்ரவரி 17

விடியும்போது போய்விட்டாள்.

பிப்ரவரி 21

அடக்கம் முடிந்தது. சர்ச் கூடத்தில் ஹாம் சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட். வீட்டுக்கு வந்து நேரே கீழ்த்தளத்துக்குப் போய் ஒரு கிளாஸ் பிடித்தேன். வாடை சுத்தமாக இல்லை. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு பீர் எனக்கு அமைந்ததில்லை. பாழாப்போக. ஒரு வாய் – ஒரே ஒரு வாய் கேட்டா. குடுத்தா என்னடா உனக்கு? யாரு மார்க் போட வரப்போறாங்க?

மார்ச் 2

ஆர்லிஸின் துணிகளை எடுத்துப்போக பெர்னிஸ் வந்தாள். பீப்பாயைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"ஒண்ணு சொல்றேன் நார்பர்ட், கோவிச்சுக்காதே. கடைசி நாள் நீ வாசல்ல பனி தள்ளிட்டிருந்தே. அக்கா என்னைக் கீழ அனுப்பிச்சா. சின்ன கிளாஸ்ல பிடிச்சுட்டு வந்தேன். முழுசும் குடிச்சா."

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"நல்லாருக்குன்னா. அவன்கிட்ட சொல்லிடாதே, அவன் இன்னும் பீரை முடிக்கலைன்னும் சொன்னா."

பெர்னிஸுக்கு நன்றி சொன்னேன். குடித்தாளே, அது போதும் என்று எழுதப் பார்க்கிறேன். வரவில்லை. இருபது அடி தள்ளித்தான் நின்றிருக்கிறேன், கையில் பனி தள்ளும் பலகையோடு. நான் உள்ளே வருவதற்குள் கிளாஸைக் கழுவித் துடைத்து வைக்கச் சொன்னாளாம்.