சிவப்பு செடானும் என் ஆட்சேபணைகளும்

மார்ச் 4, செவ்வாய்

பழைய கார் இன்று மேம்பாலத்தின் உச்சியில் உயிரை விட்டது. பின்னால் நின்றவர்கள் அடித்த ஹாரனில் அதற்கு மறுபடி உயிர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இழுத்துப் போகும் வண்டிக்காகக் காத்திருந்தபோது வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கிளினிக்கில் யாருடைய கடைவாய்ப் பல்லோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், "போயிடுச்சா? சரி விடு, நல்லதுதான்" என்றார். ஒரு சாவுச் செய்திக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

மார்ச் 5, புதன்

சந்தோஷத்தின் காரணம் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், வழவழவென்று ஒரு விளம்பரப் புத்தகம். சிவப்பு செடான். பின்பக்கம் சின்னதாக ஓர் இறக்கை. எதற்கு? பறக்கவா?

"ஸ்போர்ட்டி மாடல். ஆனா விலையைப் பாரு, சாதா கார் விலைதான்."

சொல்பவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கழுத்துவலிக்குப் பட்டை கட்டிக்கொள்கிறவர்.

"இதுல ஏறி எங்க பறக்கப் போறீங்க? கிளினிக் அடுத்த தெருவுல இருக்கு."

"தினமும் ஃபேக்டரிக்கு நீதானே ஓட்டப் போற?"

"எனக்கு வேண்டாம்."

அவர் முகம் மலர்ந்தது. மலரத்தானே செய்யும்? நான் வேண்டாம் என்று சொல்லாமல் இந்த வீட்டுக்குள் எந்தப் பொருளும் வந்ததில்லை. சோபா, துவைக்கும் இயந்திரம், மாடி அறை ஏசி, எல்லாம் அப்படித்தான். நான் குறை சொல்வேன், அவர் வாதாடி ஜெயிப்பார், பொருள் வரும். அது பழுதாகும்போது "நான் அப்பவே சொன்னேன்ல" என்பேன். இத்தனை வருட தாம்பத்தியம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு நான் தலைவி. அங்கே வேண்டாம் என்று சொல்லச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் இலவசம்.

மார்ச் 8, சனி

வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். கிளட்ச் கடினமாம், நெரிசலில் முழங்கால் கழன்றுவிடுமாம். வேகத்தடையில் அடிவயிறு உரசும். பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தால் கூரை தலையில் இடிக்கும். முன்னாலிருக்கும் தொடுதிரை அவ்வப்போது உறைந்துபோகும். எஞ்சினைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சந்தேகமாக இருக்கிறது.

உற்பத்திப் பிரிவு மேலாளரிடம் அதே கார் இருக்கிறது. கேட்டேன்.

"சின்னச் சின்னச் சத்தமெல்லாம் வரும் மேடம். ஆனா நடுரோட்டுல நின்னதே இல்ல."

"வித்துட்டு வேற வாங்குவீங்களா?"

"அதெப்படி மேடம் விப்பேன்?" என்றார், பிள்ளையை விலை பேசிவிட்டாற்போல.

மார்ச் 9, ஞாயிறு

ஓட்டிப் பார்க்கப் போனோம். விற்பனைப் பையன் டையை இறுக்கியதில் கண் பிதுங்கிக்கொண்டிருந்தான். "சார் ஓட்டட்டும். மேடத்துக்குப் பின்சீட்டு சௌகரியமா இருக்கும்." மேடத்துக்குக் கூரை இடித்தது. சார், ஆடுகிற பல்லைத் தொடுவதுபோல ஆக்ஸிலரேட்டரைத் தொட்டுத் தொட்டு எடுத்தார்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். சுற்றுச்சாலையில் ஆளில்லை. அந்தப் பெரிய வளைவில் மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தேன். வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு, முனகாமல், நான் நினைத்த இடத்துக்கு நான் நினைத்த கணத்தில் போனது. நினைத்த கணத்தில் நான் எங்கே போயிருக்கிறேன் இதுவரை? பையன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

"எப்படி இருக்கு?" என்றார் இவர்.

"கிளட்ச் மோசம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? முறை அதுதானே.

மார்ச் 10, திங்கள்

எனக்கு அந்தக் கார் பிடித்திருக்கிறது. இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

மார்ச் 12, புதன்

சீக்கிரம் வாங்கட்டும் என்று ஆட்சேபணைகளைக் கூட்டியிருக்கிறேன். காலையில் முழங்கால், மாலையில் வேகத்தடை, படுக்கும்முன் கூரை. வழக்கமாக இதற்குள் பொங்கியிருப்பார். தலையை மட்டும் ஆட்டுகிறார். பல்வலிக்காரர்களோடு பேசிப் பேசிப் பொறுமை வந்துவிட்டதோ?

விடுதியிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, உனக்குப் பிடிச்சிருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"அதுவா இப்ப முக்கியம்?"

"அப்போ பிடிச்சிருக்கு."

அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 15, சனி

நாசம்.

வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "உன் பேச்சைக் கேட்டுட்டேன்!" வேறொரு காரைப் பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறார். உயரமானது, வெள்ளை நிறம், குடும்பக் கார். "நீ சொன்னது அத்தனையும் சரி. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டிருக்கேனா? அதான்."

அட கடவுளே. இத்தனை வருஷம் கேட்காத மனுஷனுக்கு இன்னிக்குத்தானா காது கேக்கணும்?

"நல்லது" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

வெள்ளைக் காரைப் போய்ப் பார்த்தோம். சக்கரம் வைத்த பீரோ. உழைக்கும், குலுங்காது, கூரை இடிக்காது. எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தால் ஒரே பார்வையில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். சிவப்புக் கார் இரண்டடி தள்ளி நின்றது. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை. இருவரும் எவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை!

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட்டேன். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு அந்தச் சிவப்புக் கார் வேணும்."

சொல்லாமலே வாயைத் திறந்து உட்கார்ந்துவிட்ட நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"கிளட்ச் கடினம்னியே?"

"கடினம்தான்."

"கூரை இடிக்கும்னியே?"

"பின்னாடி உக்காந்தா இடிக்கும். நான் முன்னாடிதான உக்காரப் போறேன்?"

"ரிப்பேர் வந்துச்சுன்னா?"

"வரட்டும். எனக்கு வேணும்."

இரண்டாம் முறை சொல்லும்போது குரல் நடுங்கியது, சனியன். அவர் ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்: "அப்போ வேண்டாம்னு யாரு சொல்றது?"

"நீங்க சொல்லுங்க."

ஆகஸ்ட் 2, சனி

முதல் சர்வீஸ் முடிந்து சிவப்புக் காரை எடுத்து வந்தோம். இடது கதவின் கிறீச் சத்தம் போகவில்லை. திரை உறைந்து கிடக்கிறது. சர்வீஸ் வாசல் வேகத்தடையிலேயே அடிவயிறு உரசியது. பக்கத்து இருக்கையில் இவர், கழுத்துப் பட்டையோடு.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

என்னைவிட நன்றாகச் சொல்கிறார். சுற்றுச்சாலை வளைவு வந்தது. மூன்றாவது கியருக்கு இறக்கினேன். அவர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.