மாரியண்ணனின் பங்கு

மச்சான்,

இன்று சம்மாந்துறையில் ஒரு கல்யாண வீட்டில் வாசித்தோம். ஸ்பீக்கர் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரியான சமையல்காரக் காக்கா வழக்கம்போலச் சாப்பாட்டுப் பார்சல்களைக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் கொடுத்து முடிந்தபிறகும் அவர் கையில் ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தனியாக என்னிடம் நீட்டி, "இது கோழி. மாரியண்ணனுக்கு" என்றார். நெய்ச்சோற்றின் சூடு உள்ளங்கையில் ஏறியது. உன் ஞாபகம் வந்தது.

பக்கத்தில் நின்ற புது டிரம்ஸ்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரைப்பற்று ஆள். நல்ல கை. நீ போனபிறகு என் ஓகன் கீபோர்டுக்குப் பக்கத்தில், உன் இடத்தில், இரவல் டிரம்ஸ்காரர்களை வைத்தே நாங்கள் காலத்தை ஓட்டினோம். யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, கச்சேரிகள் கூடியபிறகுதான் இவரை நிரந்தரமாகச் சேர்த்தோம். வந்து சில மாதங்கள்தான்.

"காக்கா, நானும் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன்" என்றார். "வாசிக்கிறது ஆறு பேர். காச எட்டாப் பிரிக்கிறீங்க. மத்த ரெண்டு பேரும் ஸ்பீக்கர்ர சொந்தக்காரங்களாக்கும் எண்டு நெனச்சன். இப்ப பார்சலும் வருது. ஆள ஒருநாளும் காணல்லியே. வராத ஆளுக்குப் பங்கு என்னத்துக்கு?"

நியாயமான கேள்வி. அவருக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். சேர்க்கும்போதே நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாரியண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் உன்னைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். அதற்கு எனக்கு மனம் வருவதில்லை. சும்மா சிரித்துவிட்டு வேனில் ஏறினேன்.

மாரியண்ணன் பிறந்தது மருதமுனையில், என் மாமனார் வீட்டு முன்கூடத்தில். எனக்குப் பெண் கேட்டுப் போன அன்று நீயும் கூடவே வந்தாய். "காரைதீவுத் தமிழனுக்குச் சோனக முஸ்லிம் கல்யாணப் பேச்சில என்ன வேல?" என்று என் வாப்பா கேட்டதற்கு, "டிரம்ஸ் இல்லாம ஓகன் எங்க போகும் மாமா?" என்று சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் நீ போய் வேனில் உட்கார்ந்துகொண்டாய். மாமனார் தறி வைத்து, இடுப்பில் உடுக்கும் சாரம் நெய்து விற்பவர். எதையும் கணக்காகத்தான் கேட்பார். "புள்ள ஓகன் நல்லா வாசிக்கிது எண்டு ஊரே சொல்லுது. நான் ஒண்டுதான் கேக்கன். கல்யாணக் காலம் சரி, கோயில் காலமும் சரி. மாரியில என்னத்தத் திங்கிற?"

வாப்பா என் முகத்தைப் பார்த்தார். கார்த்திகையில் தொடங்கும் மாரி மழை தை வரைக்கும் விடாது. பந்தல் நிற்காது, மேடை நிற்காது. ஒவ்வொரு மாரியிலும் நான் கடனில் தின்றவன்தான். அந்த வீட்டில் பெண் எடுக்க முடியாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அப்போதுதான் நீ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மாரிக்கும் ஒரு பங்கு இருக்கு மாமா" என்றாய்.

மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம். "அது ஆரு மாரி? ஒங்கட குறூப்பில வாசிக்கிற தம்பியா?"

நீ கண்ணை இமைக்கவில்லை. "ஓம் மாமா. எங்களுக்கெல்லாம் மூத்தவர். மாரியண்ணன். கச்சேரி இல்லாத நாளையில எங்களுக்குச் சம்பளம் தாறதே அவர்தான்."

அப்படி ஒரு முதலாளி இருக்கிறார் என்று நம்பித்தான் அவர் பெண்ணைத் தந்தார். திரும்பி வரும் வழியில் நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். நீ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "சொல்லியாச்சு மச்சான். இனி ஆளை உண்டாக்கத்தான் வேணும்."

அடுத்த கச்சேரியிலேயே உண்டாக்கிவிட்டாய். ஆறு பேர் வாசித்த காசை ஏழாகப் பிரித்தாய். ஏழாவது பங்கு கல்முனை வங்கிக்குப் போனது. மழை தொடங்கியதும் அது மாதாமாதம் சமமாக எங்களுக்குத் திரும்பி வந்தது. அந்த வருடம்தான் முதல் தடவையாக மாரியில் கடைக்காரனுக்கு நான் முகத்தை மறைக்காமல் நடந்தேன். சம்பளக்காரனைப்போல வீட்டுக்கு அரிசி வாங்கிப் போனேன். பிறகு நோன்பு மாதத்தையும் அதில் சேர்த்தாய். அந்த மாதத்தில் எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு நிகழ்ச்சியும் இராது.

என் கல்யாணத்துக்கு மாரியண்ணனைக் காணவில்லை என்று மாமனார் மனவருத்தப்பட்டார். "சுகமில்ல மாமா" என்று நீ சொன்னதும், சமையல்காரரைக் கூப்பிட்டு ஒரு பார்சல் கட்டச் சொன்னார். பெயரைக் கேட்ட சமையல்காரர், ஆள் தமிழராக்கும் என்று மாட்டிறைச்சியை விலக்கிக் கோழி வைத்துக் கட்டினார். அன்றிலிருந்து அவர் சமைக்கிற கல்யாணம் எதுவென்றாலும் மாரியண்ணனுக்கு ஒரு கோழிப் பார்சல் உண்டு. வழியில் நீதான் அதைப் பிரித்துத் தின்பாய். பாண்டிருப்புக் கோயிலில் அவருக்கென்று கொடுத்தனுப்பிய பொங்கலை மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பாய்.

ஆனால் காசு விஷயத்தில் நீ இரும்பு. புது ஓகன் ஒன்று மலிவாக வந்தபோது மாரியண்ணனின் காசில் கொஞ்சம் எடுப்போம் என்று நான் கெஞ்சினேன். "மாரியண்ணன் வெயிலுக்குள்ள எழும்ப மாட்டார்" என்று சொல்லிவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் உன்னோடு கதைக்கவில்லை. ஊர்களுக்கிடையில் பிரச்சினை மூண்ட நாட்களில்தான் உன் பிடிவாதத்தின் அருமை தெரிந்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்களுக்குப் போக முடியாது. உங்கள் கோயில்களுக்கு நாங்கள் வர முடியாது. பாதை அடைப்பு, ஊரடங்கு, கச்சேரி ரத்து. "இதுவும் மாரிதான்" என்று நீ வங்கிக்குப் போனாய். இரண்டு பக்கத்து அடுப்புகளும் எரிந்தன.

கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த மார்கழி ஞாயிறைப் பற்றி உனக்கு நான் என்ன எழுத? உன் மனைவியையும் கைக்குழந்தையையும் மாடி வீடொன்றில் ஏற்றிவிட்டு, அம்மாவைக் கூட்டிவரத் திரும்பிப் போனாய் என்று சொன்னார்கள். மருதமுனையிலும் கடற்கரைப் பக்கம் அத்தனையும் போய்விட்டது. எங்கள் வீடு மேற்கே இருந்ததால் தப்பியது. மையித்துகளைத் தூக்கி அடக்கிக்கொண்டிருந்த எனக்கு மறுநாள்தான் உன் செய்தி கிடைத்தது. நடந்தே காரைதீவுக்கு வந்தேன். அதற்குள் உன்னை அடக்கிவிட்டார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை மச்சான். அந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை. கடைசிக் கச்சேரி முடிந்து வந்த உன் டிரம்ஸ் மட்டும் என் வீட்டில் துணி போர்த்தியபடி இருந்தது.

அகதி முகாமில் சமையல்காரக் காக்கா என்னைக் கண்டு கட்டிப்பிடித்து அழுதார். "டிரம்ஸ் தம்பி மௌத்தாகிட்டாராமே. மாரியண்ணனும் போயிட்டாரா மகன்?" என்று கேட்டார். அவ்வளவு அழுகைக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இல்ல காக்கா, அவர் தப்பிட்டார்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். பொய்யும் இல்லை. எல்லாம் நனைந்து போன அந்த நாட்களில் மாரியண்ணனின் காசு மட்டும்தான் நனையாமல் இருந்தது. அதில்தான் நாங்கள் சோறு கண்டோம். அவர் யாரென்று சமையல்காரருக்கு எப்போது விளங்கியதோ தெரியாது. விளங்கிய பிறகும் பார்சல் கட்டுவதை அவர் விடவில்லை.

சில மாதங்களில் ஒரு நிவாரண நிறுவனம் எங்களைக் கூப்பிட்டது. கை கழுவச் சொல்லியும் கிணற்றைச் சுத்தமாக வைக்கச் சொல்லியும் பாட்டுக் கட்டி முகாம் முகாமாகப் பாடவேண்டும். மாதம் முடிய உறையில் சம்பளம். "இனி மாரியண்ணன் என்னத்துக்கு?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். உறை வருகிற காலமும் வெயில்தான் என்று நான் சொன்னேன். நீ பேசுவதுபோல இருந்தது என்றார்கள். நிறுவனம் ஒருநாள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனது. மாரியண்ணன் போகவில்லை.

அந்த நிறுவனத்தின் முதல் உறையைப் பிரித்த அன்று நாங்கள் ஐந்து பேர். ஐந்தும் மாரியண்ணனும் ஆறு. ஆனால் கை பழக்கத்தில் ஏழாகப் பிரித்துவிட்டது. மற்றவர்கள் தங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். ஏழாவதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ மச்சான் என்றால் உன் மனைவி எனக்குத் தங்கச்சிதானே. தங்கச்சி காசைத் தொடவில்லை.

"இரக்கப்பட்டுத் தாறது எனக்கு வேணாம் காக்கா."

"இரக்கம் இல்ல தங்கச்சி. மச்சான்ட பங்கு."

"வாசிக்காத ஆளுக்கு என்ன பங்கு?"

"மாரியண்ணன் எப்ப வாசிச்சவரு?" என்றேன்.

அவள் சிரித்தாள் மச்சான். நீ போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே நிலத்தில் குந்தி அழுதாள். நானும் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கை நீட்டி வாங்கினாள்.

இன்று வேன் காரைதீவுச் சந்திக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். புது டிரம்ஸ்காரரையும் இறங்கச் சொன்னேன். வழியெல்லாம் அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எட்டை ஏழாக்கச் சொல்லிக் கேட்கப்போகிறார், இல்லாவிட்டால் விட்டுப் போகப்போகிறார் என்று எனக்குப் பயம். எட்டாவதான உன் பங்கை வெட்டினால் உன் வீட்டு வாசலில் நான் நிற்க முடியாது. ஏழாவதான மாரியண்ணனின் பங்கை வெட்டினால் ஆறு வீட்டில் மாரி பொல்லாததாகிவிடும்.

உன் மகள் ஓடிவந்து பார்சலை வாங்கினாள். "மாரி மாமாட சோறா?" என்று கேட்டுக்கொண்டே பிரித்தாள். பள்ளிக்கூடச் சட்டைகூட மாற்றவில்லை. தங்கச்சி தேத்தண்ணி தந்தாள். டிரம்ஸ்காரர் சுவரில் மாலை போட்ட உன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மடியில் டிரம்ஸ் குச்சியோடு எடுத்த படம் அது. நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மாமனாரின் காதில் தொடங்கி, இந்த வாசல் வரைக்கும் சொன்னேன்.

வேனில் ஏறியதும் அவர் கேட்டார்: "காக்கா, நாளைக்கு எனக்கு என்னவும் ஆகிட்டா, என்ட பங்கும் வீட்ட போகுமா?"

"போகும்."

"அத ஆரு சொன்ன?"

"மாரியண்ணன்" என்றேன்.

அவர் தன் டிரம்ஸ் குச்சிகளைப் பைக்குள் வைத்தார். "அப்ப எட்டாவே பிரிங்க" என்றார்.

எட்டாகப் பிரித்தேன். உன்னுடையதை அங்கேயே திரும்ப இறங்கித் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மாரியண்ணனுடையது என் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் கல்முனைக்குப் போய் வங்கியில் போடவேண்டும். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது மச்சான். அவர் வருகிற நேரம்.