காரணம் என்ற கட்டம்

அக்கா,

இன்று காலை ஜங்ஷன் ரோட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மூடியைக் கழற்றியதுமே அந்த வாசனை வந்தது. நேற்றைய மழையில் கூரை ஒழுகித் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. ஃபேனைச் சுற்றிப் படிந்திருந்த வெள்ளைத் தூசி நனைந்து களியாகப் பிடித்திருந்தது. இந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் கொஞ்சம் பீங்கான் மண் இருக்கும், அது ஒன்றும் புதிதில்லை. ஈர மண்ணைத்தான் பார்த்து வெகுநாளாகிவிட்டது. பக்கத்தில் நின்ற டைப்பிஸ்ட் பெண், நான் ஒன்றும் கேட்காமலே, "நான் ஒண்ணும் பண்ணல சார், அதுவா நின்னுப் போச்சி" என்றாள். ஸ்க்ரூ டிரைவரை மேஜை மேல் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன். நீங்கள் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண் சொன்னது உங்கள் வசனம். பீங்கான் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இன்டர்காமில் அதைக் கேட்டேன். ஆபீசிலிருந்த ஒன்பது கம்ப்யூட்டருக்கும் நான் ஒருவன். பதவியின் பெயர் சிஸ்டம் இன்ஜினியர். செய்த வேலை, பிடுங்கிய ஒயரை மறுபடி செருகுவது. ஸ்டோர் கீப்பர் மதியச் சாப்பாடு சூடாக இருக்கட்டும் என்று டிபன் கேரியரை மானிட்டர் மேல் வைப்பார். வைத்த சாம்பார் ஒருநாள் உள்ளே இறங்கியபோது, கம்பெனி மானிட்டர் மட்டம் என்றார். மேனேஜருக்கு பிரிண்டர் எப்போதும் கோணலாகவே அடிக்கும். அடித்து முடிப்பதற்குள் அவர் பேப்பரைப் பிடித்து இழுப்பார், அதுதான் விஷயம். அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தூசி வரக்கூடாது என்று கம்ப்யூட்டர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு போர்டு மாட்டினேன். எல்லோரும் ஒழுங்காகக் கழற்றினார்கள். நாள் முழுக்க மண் பிசைந்த இடத்தில் வெறுங்காலோடு நின்றவர்கள், வீட்டுக்குப் போக வைத்திருந்த சுத்தமான செருப்பை அந்த வாசலுக்காகவே மாட்டிக்கொண்டு வந்து, பவ்யமாகக் கழற்றி வைத்துவிட்டு, மண் காலோடு உள்ளே வந்தார்கள். தரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பாதங்கள். அதைக் காட்டி நான் தலையில் அடித்துக்கொண்டபோது நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

நீங்கள் டைம் ஆபீஸ் கிளார்க். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுகிற வேலை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. எனக்கு அதிகமாக போன் போட்டது நீங்கள்தான்.

"தம்பி, இது முழிக்க மாட்டேங்குது."

"சுவிட்சு போட்டிங்களா?"

"நான் ஒண்ணும் பண்ணலப்பா, அதுவா நின்னுப் போச்சி."

காயப்போட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தாண்டி வந்து பார்த்தால் யூ.பி.எஸ். அணைந்திருக்கும். மத்தியானம் சாப்பிடப் போகும்போது நீங்கள்தான் அணைத்துவிட்டுப் போவீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்கும் செத்த ஓய்வு வேணாமா?" என்றீர்கள். வாரத்துக்கு மூன்று முறை இதே கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் உங்கள் போன் வராத நாளில் ஏதோ குறைந்தாற்போல இருக்கும். இதையும் உங்களிடம் சொன்னதில்லை.

ஒவ்வொரு போனுக்கும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். புகார், காரணம், தீர்வு என்று மூன்று கட்டம். கீழே கம்ப்யூட்டரில் வேலை செய்பவர் கையெழுத்துப் போட வேண்டும், கார்பன் காப்பி மேனேஜருக்குப் போகும். எழுதுவதெல்லாம் இங்கிலீஷில். காரணம் என்ற கட்டத்தில் நான் பெரும்பாலும் ‘யூசர் எரர்’ என்று எழுதுவேன், பயன்படுத்தியவர் தவறு என்று அர்த்தம். பக்கம் பக்கமாக அதுதான் இருந்தது. உங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் அவ்வளவாகத் தெரியாது. நான் நோட்டை நீட்டுவேன், நீங்கள் தமிழில் முழுப் பெயரையும் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பிறகு கம்பெனிக்குப் புதுப் பங்குதாரர் ஒருவர் வந்தார். பல வருஷம் விடாமல் வேலை பார்த்ததற்கு வருகைப் பதிவைக் காட்டினால் நிரந்தரமாக்குவோம் என்றார். ஃபினிஷிங்கில் ஈரத் துணியால் பச்சை மண் சாமானைத் துடைத்து வழவழப்பாக்குகிற இருபத்திரண்டு பெண்கள், அப்புறம் நீங்கள். உங்கள் பீரோவிலிருந்த பழைய வருகை நோட்டுகள்தான் அத்தனை பேருக்கும் ஆதாரம். கரையான் ஒரு பக்கம், ஒழுகல் ஒரு பக்கம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று யோசனை சொன்னது நான். சித்திரையில் ஆரம்பித்து ஐப்பசி வரை ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினீர்கள். அந்தப் பெண்கள் சாப்பாட்டு வேளையில் வந்து உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் தங்கள் பெயரைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

வேலை முடிந்த அன்று, "இந்த நோட்ட என்னா பண்றது தம்பி?" என்று கேட்டீர்கள்.

"இனிமே அது குப்பைக்கா. எல்லாம் உள்ள ஏறிடுச்சி."

நம் கம்பெனியில் பழைய காகிதம் எதுவானாலும் பேக்கிங்குக்குத்தான் போகும். வைக்கோலுக்கு நடுவில் ஃபியூஸ் கட்டைகளைச் சுற்றி வைக்க. நோட்டுகளைக் கிழித்துச் சுற்றியதை நாம் இருவரும் நின்று பார்த்தோம். "ஃபினிஷிங் செல்வி வேலைக்கு வந்த நாளெல்லாம் லாரி ஏறிப் போவுது பாரு" என்றீர்கள். அப்போதும் மனசு கேட்காமல், "இதுக்குள்ள இருக்கறது போயிட்டா?" என்று கேட்டீர்கள். நான் இரண்டு ஃபிளாப்பியில் எல்லாவற்றையும் எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு உங்கள் கையில் கொடுத்தேன். ஈரம் படாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் உங்கள் கம்ப்யூட்டர் ஃபேன் கரகரவென்று கத்துகிறது என்று போன் வந்தது. தூசிதான், ஊதிவிட்டால் சரியாகிவிடும் என்று தூக்கிக்கொண்டு ஸ்ப்ரே ஷெட்டுக்குப் போனேன். பீங்கான் சாமானுக்கு மெருகு அடிக்கிற கம்ப்ரஸர் காற்று அங்கேதான் இருந்தது. நீங்கள் என் பின்னாலேயே, குடையை எனக்குப் பிடிக்காமல் கம்ப்யூட்டருக்குப் பிடித்தபடி வந்தீர்கள். குழாயை நான் கையில் எடுத்ததும் சொன்னீர்கள்.

"தம்பி, காலையில மொத காத்துல தண்ணி வரும். ஸ்ப்ரே அடிக்கறவங்க மொதல்ல தரையில ஊதி உட்டுட்டுதான் எடுப்பாங்க. பெயிண்டிங்ல ப்ரஷ் இருக்குது, வாங்கியாரட்டா?"

"அக்கா, இது என் டிபார்ட்மென்ட்டு" என்றேன். ஸ்ப்ரே ஆட்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருஷக்கணக்காக உங்கள் எல்லோருக்கும் ஒன்றும் தெரியாது என்று சிரித்துக்கொண்டிருந்தவன், ஒரு காற்றுக் குழாயைப் பற்றி உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டுமா என்ற திமிர் எனக்கு. வால்வைத் திறந்தேன். பொளிச்சென்று தண்ணீர் அடித்தது. மாதக்கணக்கில் சேர்ந்த மண்ணெல்லாம் போர்டு மேல் கரைந்து ஓடியது. துணியால் ஒற்றிவிட்டு, பார்க்கிறவர்கள் முன்னால் தோற்கக் கூடாதென்று உடனே சுவிட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. பவர் சப்ளையோடு, பதிவெல்லாம் இருந்த ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டது. பிறகு சென்னைக்கு அனுப்பினோம், முடியாது என்று அதே அட்டைப் பெட்டியில் திருப்பி அனுப்பினார்கள்.

"ஃபிளாப்பி இருக்குதுல்ல, ஒண்ணும் ஆவாது" என்றேன் அன்று. நீங்கள் ஓடினீர்கள். ஓடியது டைம் ஆபீசுக்கு இல்லை, டிரையருக்கு. மழைக்காலத்தில் நம் கம்பெனியில் ஈரம் ஆகக் கூடாத எதுவும் அந்தச் சூடான அறையின் சுவர் மேல்தான் இருக்கும். நனைந்த குடை, மாற்றுப் புடவை, உப்பு டப்பா, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட். பச்சை மண்ணைக் காயவைக்கிற சூட்டில் ஒரு வாரமாக அந்த டப்பாவும் இருந்திருக்கிறது. திறந்து காட்டினீர்கள். இரண்டு ஃபிளாப்பியும் சுட்ட அப்பளம் போல நெளிந்திருந்தன.

"ஈரம் படக்கூடாதுன்னு சொன்னியேன்னுதான்" என்றீர்கள்.

எனக்கு அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்தது, அக்கா. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நிம்மதியாக இருந்தது. நோட்டை எடுத்தேன். மாற்று நகலைச் சூட்டில் வைத்ததால் பதிவுகள் அழிந்தன என்று புகார் கட்டத்தில் எழுதினேன். கம்ப்ரஸரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. காரணம் என்ற கட்டத்தில் யூசர் எரர். உங்களிடம் நீட்டினேன். அதுவரை ஒருநாளும் கேட்காத நீங்கள் அன்று மட்டும் கேட்டீர்கள்.

"என்னா தம்பி எழுதியிருக்கிற?"

"அதுவா நின்னுப் போச்சின்னு எழுதியிருக்கேன்க்கா."

நீங்கள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முழுப் பெயரையும் எழுதினீர்கள்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் உங்களைக் கூப்பிட்டு அந்தக் காப்பியைத் தமிழில் படித்துக் காட்டினார். நான் அதே அறையில் பிரிண்டரைச் சரி செய்வதுபோல நின்றிருந்தேன். இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். நான் பிரிண்டர் காகிதத்தின் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்து என்னுதுதாங்க" என்றீர்கள்.

குழாயில் தண்ணீர் வந்ததைச் சொல்லியிருக்கலாம். ஸ்ப்ரே ஆட்கள் சாட்சிக்கு இருந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருக்கும். ஒருவேளை, சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ.

இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் நிரந்தரம் ஆகவில்லை. ஆதாரம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தப் பெண்களின் கோபமெல்லாம் உங்கள் மேல் திரும்பியது. எங்க நோட்ட எடுத்து பேக்கிங்குக்குக் குடுத்தவ இவதான் என்று உங்கள் காதுபடவே பேசினார்கள். மத்தியானத்தில் நீங்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. நீங்கள் அதைத் தொடவில்லை, மறுபடி நோட்டில் கையால் எழுத ஆரம்பித்தீர்கள். என் இன்டர்காமில் உங்கள் குரல் அப்புறம் வரவேயில்லை. தை பிறப்பதற்கு முன்னால் உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். திருச்சி போகிற பஸ் வேப்பூரில் சாப்பாட்டுக் கடை முன்னால் நின்றது. நீங்கள் அங்கே எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அதற்குள் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஈரக் கையோடு ஜன்னலோரம் வந்து நின்றீர்கள்.

"நல்லாருக்கிறியா தம்பி? கம்பெனியில கம்ப்யூட்டருலாம் நல்லாருக்குதா?"

"இருக்குதுக்கா."

"அந்த நோட்டுல இன்னும் கையெழுத்து வாங்கறியா?"

தலையை ஆட்டினேன். உங்கள் குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. "வாங்கறப்ப படிச்சிக் காட்டு" என்றீர்கள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போயிட்டு வரேன் என்று போய்விட்டீர்கள். பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் ஆயிற்று. இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும். நான் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பழைய ஸ்ப்ரே ஆள் ஒருவர், உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்து, பத்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார்.

இன்று டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போய் அந்தக் கம்ப்யூட்டரை ப்ரஷ்ஷால் சுத்தம் செய்தேன். பையில் எப்போதும் ஒரு பெயிண்டிங் ப்ரஷ் வைத்திருக்கிறேன். பொழுது சாய்கிறவரை காயவைத்தும் அது உயிர் பெறவில்லை. நோட்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் கூரை ஒழுகல் என்று தமிழிலேயே எழுதி, அந்தப் பெண்ணுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் காதில் வாங்காமல், "எங்க சார் போடணும்?" என்று பேனாவை நீட்டினாள். எல்லோரும் அப்படித்தான். நான் படித்துக்கொண்டேதான் இருக்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை.

கம்பெனியை மூடியபோது அந்தப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் பெயர் இருக்கிற பக்கத்தைத் திருத்தலாம் என்று எத்தனையோ முறை பேனாவை எடுத்திருக்கிறேன். கார்பன் காப்பி போன இடத்தில் அது அப்படியேதான் இருக்கும். நீங்களே என்னவென்று கேட்டும் அந்தப் பக்கத்தை உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. இப்போது, எழுதியிருக்க வேண்டியதைப் படிக்கிறேன்.

புகார்: இருபத்து மூன்று பேரின் வருஷங்கள் அழிந்துவிட்டன. காரணம்: தண்ணீர் வரும் என்று சொன்ன பிறகும் ஊதியது. ஊதியவன் நான். தீர்வு: இல்லை.

கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது, அக்கா.