ஈரக் கித்தானை மடக்காதே

14-7-84, காலை

பாக்கியம்,

காரைப் பார்க்கத் தோப்பும்படியிலிருந்து வறீது சேட்டன் பத்து மணிக்கு வருவார். நான் வெளியே போகிறேன். பக்கத்தில் நின்றால் அவரோடு சண்டை போடுவேன். சாவி அரிசி டின்மேல் இருக்கிறது. அவருக்குச் சாயா கொடு.

கித்தான் கூரையைத் திறந்து காட்டச் சொல்வார். மழையில் நனைந்திருக்கிறது, துடைத்துக் காயவிட்டு மடக்கு. அடுத்த மாப்பிள்ளை அழைப்பு ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் ஈரத்தோடே மடக்கிக்கொண்டு ஓடுவேன். பதின்மூன்று வருஷத்தில் மூன்று கூரை பூசணம் பிடித்து அழுகியது அப்படித்தான். இடப்பக்கக் கொக்கி முரண்டு பிடிக்கும், முழங்கையால் தட்டு. காலடிப் பாய்க்குக் கீழே துரு இருக்கிறது. மறைக்காதே.

"கம்பெனி ராத்திரி ஷிப்டையும் விட்டாச்சு, இனி பகல் பூரா இதத் தொடச்சிட்டே இருக்கப் போறீங்களா?" என்று நேற்றுக் கேட்டாய். அதற்குப் போய்க் கத்திவிட்டேன். விற்றுவிடு.

நல்லசிவம்

மீன்குழம்பைச் சுடவைத்துவிட்டேன். நீ சாப்பிடு, எனக்காகக் காத்திருக்காதே.

இன்னொன்று. வறீது சேட்டன் வாடகைக்கு ஓட்டுகிறவர். கித்தானை அறுத்தெறிந்துவிட்டுத் தகரக் கூரை அடிக்கப் போவதாகச் சொன்னாலும் வண்டியைக் கொடுத்துவிடு. அதை மட்டும் என்னிடம் சொல்லாதே.