சாமந்திக்கு இறால் நறுக்கிய மூன்று வருஷம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறுகிறார். வாரம் முழுக்க மழை, துணி ஒன்றும் காயவில்லை. இனி மனசில் இருப்பதை எழுதுகிறேன், முழுசாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தொட்டியில் பூ மாதிரி விரிந்து கல்லில் ஒட்டிக்கிடக்கிற உன் கடல் சாமந்திக்குச் சாப்பாடு தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். நீ காட்டிக்கொடுத்தபடிதான், இறாலை ஓடு உரித்து, கணவாயும் முள்ளில்லாத மீனும் சேர்த்து, நல்ல தண்ணீரில் அலசி, பட்டாணி அளவுக்கு நறுக்கி, அந்தச் சத்துச் சொட்டு மருந்தில் ஊறவைத்து, பையில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைக்கிறது. துண்டு பெரிசாகப் போனால் மறுநாள் அப்படியே கக்கிவிடும், அது நானே பட்டுத் தெரிந்துகொண்டது. இறால் பட்டால் என் விரலெல்லாம் தடித்துப்போகும், உன்னிடம் சொன்னதில்லை, கையுறை மாட்டிக்கொண்டு செய்கிறேன். ரெண்டே வருஷம்மா, வந்து எடுத்துக்கிறேன் என்று சொல்லி வெளிநாடு போனாய், இது மூன்றாவது வருஷம்.

மணி அடித்ததும் ஈரக் கையோடு கதவைத் திறந்தால் மீன்தொட்டிக் கடைக்காரர் ரெண்டு வாளியோடு நிற்கிறார், கூடவே ஒரு டீச்சர். தொட்டியை அந்த டீச்சர் வீட்டுக்கு எடுத்துப்போக வந்தார்களாம். என்னங்க இது, என் பொண்ணு வந்தா கேட்பாளே என்றேன். அவர் முகம் செத்துப்போய்விட்டது. அவங்க அங்கேயே வீடு வாங்கிட்டாங்களேம்மா, இனி வரப்போறதில்லை, தொட்டியை யாருக்காவது குடுத்துடுங்க, அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்னு நாலு மாசம் முன்னாடியே சொன்னாங்களே என்றார். ஆமாமா, மறந்தேபோச்சு என்று பொய் சொன்னேன். வேறென்ன சொல்ல? திரும்பிப் பார்த்தால் உங்கப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறார். அவருக்கும் தெரியுமாம். நீ பாட்டுக்கு இதோட பொழுதைப் போக்கிட்டிருந்தே, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன் என்கிறார். இந்த நாலு மாசமும் வாராவாரம் போனில், சாமந்தி எப்படிம்மா இருக்கு என்று கேட்டாயே சின்னு, எந்த வாயால் கேட்டாய்?

கடைக்காரர் தொட்டிக்குள் கையை விட்டுச் சாமந்தியைப் பிடித்து இழுத்தார், அது சுருங்கிக் கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. விடுங்க, அடிப்பாகம் பிஞ்சுடும் என்று தடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு வந்து கல்லோடு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். அந்த டீச்சர் நல்ல மாதிரி, எப்போ குடுக்கணும், எவ்வளவு குடுக்கணும் என்று உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டாள். நீ வருவாய் என்றுதான் வளர்த்தேன், இனி எனக்கெதற்கு?

நீ அங்கேயே இருந்துவிட்டதில் எனக்குக் குறையில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருப்பேன், மூன்றாம் நாள் புது வீட்டுக்கு என்ன வாங்கி அனுப்பலாம் என்று கேட்டிருப்பேன். அதற்குக்கூட என்னை விடவில்லையே நீங்கள் ரெண்டு பேரும்.

புது வீட்டில் நீங்கள் குறைவில்லாமல் வாழவேண்டும், இது வயிற்றெரிச்சலில் சொல்வதில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. புது விலாசம் அப்பாவிடம் இருக்கும், கேட்க மனசில்லை. பழைய விலாசத்துக்கே போடுகிறேன். கிடைத்தால் புது விலாசத்தை நீயே எழுதி அனுப்பு.

உன் அம்மா